ராஜா கற்ற ஒரே சொல்

செங்குடி சமஸ்தானத்தை ஆண்ட ஜெயதுங்க ராஜாவுக்கு இங்கிலீஷ் தெரியும். ஒரே ஒரு சொல். அதை வைத்துக்கொண்டே ஒரு கோடை முழுவதும் ஆட்சி நடத்தினார். இன்றைக்கு ஆள்கிறவர்களுக்குச் சொற்கள் நிறையத் தெரியும். பலன் என்னவோ அதேதான்.

சொல்லைக் கற்றது, வெள்ளைக்கார அரசாங்கத்தின் பிரதிநிதியாகச் சமஸ்தானத்தில் இருந்த ரெசிடெண்ட் துரையிடம். துரையின் குதிரை வண்டி சந்தையில் ஒரு குயவரின் பானைகளை நொறுக்கியது. துரை “சாரி” என்றார். வண்டி போய்விட்டது. விருந்தில் தும்மினார், சாரி என்றார். ராஜா பேசியது காதில் விழவில்லை, அதற்கும் சாரி. ராஜாவின் சித்தப்பா இறந்ததற்குத் துக்கம் கேட்க வந்தபோதும் அதே சாரி. கடைசியில் ராஜா, கப்பத்தைக் குறைக்க முடியுமா என்று கெஞ்சினார். துரை மிகவும் மரியாதையாகச் சொன்னார், சாரி.

ராஜா அசந்துபோனார். செத்தவனுக்கும் அதுதான், தும்மலுக்கும் அதுதான், முடியாது என்பதற்கும் அதுதான். கஜானாவிலிருந்து ஒரு செப்புக்காசு போகாது. அதைவிட முக்கியம், தலைப்பாகையைக் கழற்ற வேண்டாம்.

செங்குடியில் ஒரு வழக்கம் இருந்தது. தவறு செய்தவன் தன் தலைப்பாகையைக் கழற்றி, பாதிக்கப்பட்டவர் முன்னால் தரையில் வைக்க வேண்டும். செய்த கெடுதல் சரியான பிறகு அவர் அதை எடுத்துக் கொடுப்பார். அதுவரை தவறு செய்தவன் வெறுந்தலையோடு நிற்க வேண்டும். குடை பிடிக்கக்கூடாது, வேறு யாரும் தலைப்பாகையைத் தொடக்கூடாது. ராஜாவின் பாட்டனாரே ஒரு வண்ணார் வீட்டு வாசலில் அப்படி நின்றவர். ஜெயதுங்கருக்கு அந்த வழக்கம் பிடிக்காது. காரணம் தலைப்பாகைக்குள் இருந்தது. அங்கே ஒரு முடிகூட இல்லை.

எனவே சாரி அரசாங்க மொழியானது. பட்டத்து யானை ஒருவனுடைய வாழைத்தோப்பை மேய்ந்தது, சாரி. அரண்மனைச் சமையல்காரர்களுக்குப் படி நெல் வரவில்லை, சாரி. கேட்டவர்களுக்குப் பொருள் புரியவில்லை. பெரிய இடத்துச் சொல் என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அப்போது துரை படகுச் சவாரிக்கு வருவதாகச் செய்தி வந்தது. ஏரி ததும்ப வேண்டும் என்று ராஜா மதகை அடைத்தார். வாய்க்காலின் கடைசியில் இருந்த வெள்ளாரை கிராமத்தில் நெல் பால் பிடிக்கிற நேரம். இன்னும் சில நாள் தண்ணீர் வராவிட்டால் மிஞ்சுவது வைக்கோல்தான். மாடத்தி என்ற குடியானவப் பெண் ஊரைக் கூட்டிக்கொண்டு அரண்மனைக்கு வந்தாள். ராஜா உப்பரிகையிலிருந்தே சொல்லி அனுப்பினார், சாரி.

வாசலில் அவளை நிறுத்தியவர் அரண்மனை ராயசம் வீரபாகு. ராஜாவுக்கு ஓலையும் கடிதமும் எழுதுகிறவர். சம்பளம் ராஜாவிடம் வாங்கினாலும் சாப்பிடுகிற சோறு எங்கே விளைகிறது என்பதை மறக்காதவர்.

“துரை வருகிற அன்றைக்கு எல்லோரும் ஏரிக்கரைக்கு வாருங்கள்,” என்றார்.

“வந்து? அந்த மந்திரத்தை மறுபடியும் கேட்கவா?” என்றாள் மாடத்தி.

“அதைக் கேட்கத்தான்.”

பிறகு ராஜாவிடம் போனார். குடிகளோடு மகாராஜா இங்கிலீஷில் பேசுவதைத் துரை பார்த்தால் சீமை வரைக்கும் பெயர் போகும் என்றார். ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்து துரையிடம் போனார். இந்நாட்டு வழக்கங்களைப் பற்றிப் புத்தகம் எழுதுவது துரைக்குப் பொழுதுபோக்கு. தலைப்பாகை வழக்கத்தை விவரமாக எடுத்துச் சொன்னார்.

அந்த நாள் வந்தது. ஏரிக்கரையில் கூட்டம். மாடத்தி முன்னால் வந்து, மதகை அடைத்ததால் பயிர் சாகிறது என்று ஒரே வரியில் சொன்னாள். ராஜா துரையை ஓரக்கண்ணால் பார்த்தார். நெஞ்சை நிமிர்த்தினார். ஊரே கேட்கச் சொன்னார்.

“சாரி.”

வீரபாகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். “கேட்டீர்களா? இது துரைமார் தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்கிற சொல். மதகை அடைத்தது தவறு என்று மகாராஜா சொல்லிவிட்டார்.”

துரை பரவசமானார். புத்தகத்தில் எழுதப்போவதைக் கண்ணாலேயே பார்க்கப்போகிறார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ராஜாவின் தலைப்பாகையைப் பார்த்தபடி காத்திருந்தார்.

ராஜா பல்லைக் கடித்தபடி கிசுகிசுத்தார். “வீரபாகு, அது சும்மா சொல்கிற சொல்லடா.”

“அதைத் துரையிடம் நான் சொல்லட்டுமா, மகாராஜா?”

துரைமார் சொல்வது வெறும் சொல் என்று துரையின் முகத்துக்கு நேரே சொல்ல, கப்பம் கட்டுகிற எந்த ராஜாவுக்குத் துணிச்சல் உண்டு? தலைப்பாகை இறங்கியது. வெயிலில் தலை பளபளத்தது. கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவர்கள் பட்ட பாடு பெரிது.

இனி எடுத்துக் கொடு என்று ராஜா கண்ணால் காட்டினார். மாடத்தி கைகளைக் கட்டிக்கொண்டாள்.

“என் வயலுக்குத் தண்ணி வரட்டும், மகாராசா.”

மதகு திறந்தது. ஏரி இறங்க இறங்க, துரைக்காக அலங்கரித்த படகு சேற்றில் சாய்ந்தது. தண்ணீருக்கு ராஜாவின் அவசரம் தெரியாது. வளைந்து வளைந்து, ஒவ்வொரு வயலாக நனைத்துக்கொண்டு போனது. ராஜா வெறுந்தலையோடு நின்றார். பொழுது சாயும் நேரத்தில்தான் வாய்க்கால் நெடுகக் குரல் மாறி மாறி வந்தது. வெள்ளாரைக்குத் தண்ணீர் வந்துவிட்டது.

இந்த இடத்தில் ராஜா மனம்விட்டுச் சிரித்து முத்துமாலை பரிசளித்தார் என்று எழுதுவார்கள். ராஜா சிரிக்கவும் இல்லை, ஒன்றும் கொடுக்கவும் இல்லை. வீரபாகுவை வேலையிலிருந்து நீக்கத்தான் நினைத்தார். நீக்கினால் துரை ஏன் என்று கேட்பாரே என்று விட்டுவிட்டார்.

மாடத்தி குனிந்து தலைப்பாகையை இரண்டு கையாலும் எடுத்தாள். பகல் முழுக்கத் தரையில் கிடந்ததில் மடிப்பு மடிப்பாகக் கட்டெறும்பு ஏறியிருந்தது. ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. பிடுங்கித் தலையில் வைத்தார். வைத்த வேகத்தில் அலறினார்.

மாடத்தி மிகவும் மரியாதையாகக் கும்பிட்டாள்.

“சாரி, மகாராசா.”