நிறுத்தச் சொல்லும் பொத்தான்

நாகர்கோவிலில் பூங்கோதை நடத்திவந்த மென்பொருள் அலுவலகத்தில் ஆறு பேர் வேலை பார்த்தார்கள். கடைசியாக வந்து சேர்ந்தவர் ஜெபசிங். வயது ஐம்பத்து மூன்று. தொலைபேசி நிலையத்தில் இருபத்தேழு வருடம் இருந்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, நிரல் எழுதக் கற்றுக்கொள்ள வந்தவர். பூங்கோதைக்கு முப்பத்து நான்கு. ஜெபசிங்குக்கு அவர் மேடம். பூங்கோதைக்கு இவர் அண்ணாச்சி.

பத்து ஊர்களின் ரத்த வங்கிகளை இணைக்கும் மென்பொருளை அவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஓர் ஊரில் இருக்கும் ரத்தப் பை இன்னோர் ஊருக்குத் தேவைப்பட்டால், முதல் ஊரின் பட்டியலிலிருந்து எடுத்து அடுத்த ஊரின் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஒரே நேரத்தில் நாற்பது பைகள்கூட இப்படி மாறும். ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியே ஓடும் ஒரு திரெட், அதாவது நிரலின் ஓர் இழை, பார்த்துக்கொள்ளும்.

ஒருநாள் ஜெபசிங் கேட்டார்.

"ஓடிக்கிட்டிருக்கிற திரெட்டை எப்படி நிறுத்துறது, மேடம்?"

"நீங்களே எழுதிப் பாருங்க, அண்ணாச்சி."

மூன்று நாள் உட்கார்ந்து எழுதினார். திரையில் ஒரு சிவப்புப் பொத்தான். அழுத்தினால் நாற்பது திரெட்டும் அந்தக் கணமே நின்றுவிடும். எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். கைதட்டினார்கள். வீட்டுக்கும் போன் போட்டுச் சொன்னார்.

பூங்கோதையும் பார்த்தார். பிறகு, சோதனைப் பட்டியலில் உள்ள பைகளை எண்ணச் சொன்னார். அழுத்துவதற்கு முன் அறுநூற்றுப் பன்னிரண்டு இருந்தன. இப்போது அறுநூற்றுப் பதினொன்று.

காணாமல் போனது பி நெகட்டிவ். ஒரு திரெட் அதை ஓர் ஊரிலிருந்து எடுத்திருந்தது. அடுத்த ஊரில் சேர்ப்பதற்குள் பொத்தான் அழுந்திவிட்டது. அதோடு முடியவில்லை. பட்டியலைத் திருத்தும்போது வேறு எதுவும் கை வைக்காதபடி திரெட் அதைப் பூட்டிக்கொள்ளும். நடுவில் நின்றுபோன திரெட் பூட்டைத் திறக்காமலே போய்விட்டது. புதிதாக வந்த மாற்றங்கள் எல்லாம் வெளியே காத்துக் கிடந்தன.

ஜெபசிங்கின் முகம் சிறுத்துப்போனது. தொலைபேசி நிலையத்தில் அவர் வேலையில் ஒருவரும் குறை சொன்னதில்லை. இந்த வயதில் இது தனக்குச் சரிப்படாது, திங்கட்கிழமையிலிருந்து வரவில்லை என்றார்.

பூங்கோதை நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஒரு லைனைப் பழுது பார்க்கணும். அதுல யாரோ பேசிட்டிருக்காங்க. என்ன செய்வீங்க?"

"புதுசா யாரும் அந்த லைனுக்கு வராம அடைச்சு வைப்பேன்."

"பேசிட்டிருக்கவங்க?"

"முடிக்கட்டும்னு விட்டுருவேன். ரொம்ப நேரமாச்சுன்னா நடுவுல போய், லைன் எடுக்கணும், முடிச்சுக்கிடுங்கன்னு சொல்லுவேன்."

"அறுக்க மாட்டீங்களா?"

ஜெபசிங் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இருபத்தேழு வருஷத்துல ஒரு பேச்சைக்கூட நான் அறுத்தது கிடையாது, மேடம்."

"இன்னைக்கு நாப்பது அறுத்தீங்க."

ஜெபசிங் திரையைத் தன் பக்கம் திருப்பினார்.

திங்கட்கிழமை அவர்தான் முதலில் வந்திருந்தார். சிவப்புப் பொத்தான் இப்போது எதையும் நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்லி ஒரு செய்தி மட்டும் அனுப்பியது. ஒவ்வொரு திரெட்டும் புதுப் பையைத் தொடுமுன் செய்தி வந்திருக்கிறதா என்று பார்த்தது. வந்திருந்தால், கையில் இருக்கும் பையைச் சேர்த்து, பூட்டைத் திறந்துவிட்டு, தானாக நின்றது. அடுத்த ஊரின் பதிலுக்காகக் காத்து உறங்கிக்கொண்டிருந்த திரெட்டுகளையும் அந்தச் செய்தி எழுப்பியது.

ஒன்றே ஒன்று மட்டும் எழுந்து, மறுபடி உறங்கியது. இரண்டு நாள் தேடினார், யாரிடமும் கேட்கவில்லை. கடைசியில் கண்டுபிடித்தார். செய்தி வந்து சேர்ந்திருந்தது. அதை வாங்கி ஒன்றும் செய்யாமல் விழுங்கிவிடும் ஒரு வரியை அவரேதான் எழுதியிருந்தார். அதை எடுத்துவிட்டுப் பூங்கோதையிடம் போய்ச் சொன்னார். பூங்கோதை தலையசைத்தார்.

மென்பொருள் ஓடத் தொடங்கி நாலாவது மாதம், ஒரு நடுப்பகலில், அதைப் பார்வையிட சுகாதாரத் துறை அதிகாரி ஒருவர் வந்திருந்தார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, இயந்திரங்கள் இருந்த அறையில் பேட்டரி ஒன்று புகையத் தொடங்கியது. மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். முப்பத்தாறு மாற்றங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்று, குழித்துறையில் பிரசவ அறுவைக்குப் படுத்திருந்த ஒரு பெண்ணுக்கான ஓ நெகட்டிவ் பை.

துண்டிக்கச் சொல்லி அதிகாரி அவசரப்படுத்தினார். ஜெபசிங் பொத்தானை அழுத்தினார். ஒரு கையை மின்விசை மேல் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தார். முப்பத்தாறு. இருபது. ஏழு. ஒன்று. அது நின்ற பிறகுதான் விசையை இறக்கினார்.

வேறிடத்தில் இருந்த மாற்று இயந்திரம் வேலையை எடுத்துக்கொண்டது. எண்ணிப் பார்த்தார்கள். ஒரு பைகூடக் குறையவில்லை. குழித்துறைப் பட்டியலில் அந்தப் பை ஏறியிருந்தது, பையோடு வண்டி கிளம்பியிருந்தது. சாயங்காலம் அங்கிருந்து போன் வந்தது. தாயும் பிள்ளையும் நலம்.

போகும்போது அதிகாரி பூங்கோதையிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

"எல்லாம் சரிதான். ஆனா பொத்தானை அழுத்தின பிறகும் பதினோரு விநாடி ஒண்ணுமே நடக்கலயே. வெறுமனே நிக்க வேண்டியதாப் போச்சு."

பூங்கோதை ஜெபசிங்கின் தோளைத் தொட்டு, அதிகாரிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

"அந்தப் பதினோரு விநாடியை எழுதினது இவர்தான், சார்."