சிப்பித் திருடன்

“அம்மா, இந்த வியாகப்பனை இன்னிக்கே அனுப்பிருங்க. இல்லன்னா நான் போறேன்.”

சொன்னவர் கித்தேரியான். இருபது வருடம் சுங்கத்தில் அடுத்தவன் மூட்டையை அவிழ்த்துப் பார்த்தவர். ஞானம் தேடித்தான் சலேத்தம்மாளின் கடற்கரைக் குடிலுக்கு வந்தார். பழைய வேலையும் கூடவே வந்துவிட்டது.

“அவன் என்ன செஞ்சான்?”

“நம்ம சிப்பியத் திங்கான். பாருங்க.”

ஒரு கூடைச் சிப்பியைக் கொட்டினார். ஓடெல்லாம் முழுசாக இருந்தது. உள்ளே சதை இல்லை. குடிலில் இருந்த மூன்று பேருக்கும் அந்தச் சிப்பிப் படுகைதான் சோறு.

“ஓட்டுல கத்தி பட்ட தடமே இல்லம்மா. வியாகப்பன் முன்ன முத்துக்குளிச்சவன்லா, அந்தக் கைதான் இது.”

“அவன் பையைப் பாத்தியா?”

“பாத்தேன். ஒண்ணுமில்ல. அப்ப டீக்கடைக்காரன்ட்ட விக்கான்.”

“கடையில கேட்டியா?”

“இல்லங்கான். அப்ப அவனுக்கும் பங்கு இருக்கு. அவன் மச்சானுக்குப் படகு வேற இருக்கு.”

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். சந்தேகப்பட்ட நெஞ்சும் சும்மா கிடப்பதில்லை.

வியாகப்பன் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். மூன்று நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை. பார்க்கவே பாவமாக இருந்தது.

சலேத்தம்மாள் கித்தேரியானிடம் கேட்டார். “படுகையில நட்சத்திர மீன் கிடக்குமே, அதை என்ன செய்தே?”

“அந்தப் பீடையா? கண்ட இடத்துல ரெண்டா வெட்டித் தண்ணியிலயே எறிஞ்சிருவேன். வந்து ஒரு வருஷமா அதான் செய்தேன்.”

சலேத்தம்மாள் முழங்கால் தண்ணீரில் இறங்கினார். ஒரு நட்சத்திர மீனை, அது கட்டிப்பிடித்திருந்த சிப்பியோடு எடுத்துவந்து கித்தேரியானின் உள்ளங்கையில் வைத்தார்.

சிப்பி லேசாகத் திறந்திருந்தது. மீன் தன் இரைப்பையை உள்ளே விட்டுச் சதையைத் தின்றுகொண்டிருந்தது. ஓட்டில் ஒரு கீறலும் இல்லை.

மீனுக்கு இரண்டு கைகள் பெரியவை. மற்ற மூன்றும் நகத்தளவு, புதிதாக முளைத்தவை. நடுவில் வெட்டுப்பட்ட தழும்பு. ஒன்றை வெட்டினால் இரண்டாகும் மீன்.

கித்தேரியான் சலேத்தம்மாளிடம் திரும்பினார்.

“நான் வெட்டுறது உங்களுக்குத் தெரியும்லா? தெரிஞ்சும் ஏன் சொல்லல? நீங்களும் வியாகப்பனும் சேந்து…”

சலேத்தம்மாள் அவர் கையில் இருந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கித்தேரியானும் பார்த்தார்.

வியாகப்பன் கேட்டார். “நான் போகட்டுமா, இருக்கட்டுமா?”

“இரு அண்ணே,” என்றார் கித்தேரியான். “எத்தனை வெட்டினேன்னு எனக்கே தெரியல.”