எளிதில் காணலாம்

பேராசிரியர் அன்னபாக்கியத்தைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது தீர்த்தகிரி கத்திக்கொண்டிருந்தான்.

"ஏழு வருஷ உழைப்பு மேடம். ஒரே வரியில தள்ளிட்டீங்க."

"நான்தான்னு யார் சொன்னா? கட்டுரையை மதிப்பிடுறவங்க பேரைத்தான் இதழ்ல வெளியே சொல்ல மாட்டாங்களே."

"'எனக்குத் தெரியவில்லை, காட்டவும்'னு வேற யார் எழுதுவா?"

அவர் மறுக்கவில்லை.

ஒரு அலைச் சமன்பாடு பற்றிய கட்டுரை அது. சின்னதாகக் கிளம்பும் அலை எத்தனை காலம் ஓடினாலும் உடையாது என்று நிரூபித்திருந்தான். மூன்றாம் பக்கம், பதினோராவது வரிக்கு மட்டும் நிரூபணம் இல்லை. 'எளிதில் காணலாம்' என்று எழுதிவிட்டு மேலே போயிருந்தான். கணக்குக்காரர்கள் எல்லாரும் செய்வதுதான்.

அவர் வீட்டு முன்னறையில் ஒரு சுவர் முழுக்கக் கரும்பலகை. சாக்பீஸை நீட்டினார்.

"காட்டேன்."

"எனக்கு நாற்பத்தாறு வயசு. இது வெளிவந்தாத்தான் பேராசிரியர் பதவி. இன்னும் உங்க வகுப்புலயே நிக்கணுமா?"

அந்த வரியை மட்டும் சுவரின் உச்சியில் பெரிதாக எழுதினான். பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து அவர் முகத்துக்கு நேரே ஆட்டினான்.

"வேற இதழ்ல ஏத்துக்கிட்டாங்க. வர்ற மாசம் வருது. அவங்களுக்குத் தெரியுது. உங்களுக்குத்தான் கண்ணு போச்சு."

"அப்ப அவங்களைக் காட்டச் சொல்லு."

சாக்பீஸைத் தரையில் அடித்துவிட்டு வெளியேறினான்.

பத்தொன்பதாம் நாள் அவர் இறந்த செய்தி வந்தது. போகக் கூடாது என்றிருந்தவன், போனான்.

முன்னறையில் உடலைக் கிடத்தியிருந்தார்கள். சுவரின் உச்சியில் அவன் வரி அப்படியே இருந்தது. அதன் கீழே பொடிப்பொடியாக அவர் எழுத்து.

"உங்க வரியாமே," என்றார் அவருடைய தம்பி. "முதல்ல ஸ்டூல் போட்டு ஏறி எழுதினாங்க. அப்புறம் நின்னுக்கிட்டு. கடைசியில தரையில உட்கார்ந்து. 'எப்படியாவது இது தேறிடணும்டா, அவன் பாவம்'னாங்க."

தீர்த்தகிரி படித்தான். ஐந்து வழிகள். ஐந்தும் பாதியில் நின்றிருந்தன. மூன்றாவது, அவன் மனதில் வைத்திருந்த அதே வழி. இரண்டு படி தாண்டியதும் அலை வளர்ந்தது. அதைத் தடுக்க ஒன்றுமில்லை; உடையாது என்று சொல்லவே முடியாது.

"ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமே!" உடலைப் பார்த்துக் கத்தினான். அழுதுகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

"நீங்க எடுத்தாத்தானே," என்றார் தம்பி.

வாசலுக்குப் போய் இதழாசிரியரை அழைத்தான்.

"என் கட்டுரையை நிறுத்துங்க."

"ஏன் சார்? ரெண்டு பேர் பார்த்து ஒப்புக்கிட்டாங்க. எல்லாம் தெளிவாத்தானே இருக்கு?"

"எது தெளிவா இருக்கு? பதினோராவது வரி எனக்குத் தெரியலை. உங்களுக்குத் தெரிஞ்சா காட்டுங்க!"

அழைப்பைத் துண்டித்தான்.

உள்ளே வந்தான்.

சுவரில், தரையை ஒட்டி, ஒரு சாண் இடம் காலியாக இருந்தது.