மார்கழிப் பெயிண்ட்

வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மடம். அதை நடத்தும் நாச்சியாரம்மாவுக்கு நாற்பது வயதுகூட இல்லை. அவளுடைய சீடர் சிங்காரவேலுவுக்கு அறுபது தாண்டிவிட்டது. அவர் அவளை "அம்மா" என்பார், அவள் அவரை "அண்ணே" என்பாள். பார்ப்பவர்களுக்குத்தான் சிரிப்பு வரும்.

மார்கழி பாதி போனதுமே சிங்காரவேலு பெயிண்ட் வாளியோடு நிற்பார். பொங்கலுக்கு மடத்தின் வெளிச்சுவர் பளிச்சென்று இருக்க வேண்டும். சித்திரைக்குள் அது அப்பளம் போலக் கொப்புளித்து உரியும். பெயிண்டைத் திட்டுவார், கடைக்காரரைத் திட்டுவார், உப்புக்காற்றையும் விடமாட்டார். அடுத்த மார்கழியில் வேறு நிறம் வாங்குவார். ஊரே அப்படித்தான் செய்கிறது, அவரை மட்டும் என்ன சொல்வது.

இந்த முறை ஏதேதோ வேலையில் தள்ளிப்போய், போகியன்றுதான் வாளியைத் திறந்தார். மறுநாள் மகள் தமயந்தி வருகிறாள். "பழசையெல்லாம் விடுங்கப்பா" என்று போனில் சொல்லியிருந்தாள். மனிதருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆனாலும் உள்ளுக்குள் பயம்.

"ஒண்ணு கேக்கணும்மா."

"கேளுங்க."

"நானும் அவளும் பொங்கலுக்குப் பொங்கல் ராசியாவுறோம். நாலு மாசம் தாங்க மாட்டேங்குது. போன் எடுக்கலன்னு ஒரு சண்டை, காப்பி ஆறிப்போச்சுன்னு ஒரு சண்டை. ஏம்மா இப்படி?"

நாச்சியாரம்மா எழுந்து உள்ளே போனாள். சுரண்டியை எடுத்து வந்து வெளிச்சுவரைச் சுரண்ட ஆரம்பித்தாள். பச்சை உதிர்ந்தது. அதன் கீழே ரோஸ், அதற்கும் கீழே மஞ்சள். கடைசியில் உப்புப் பூத்த சிமெண்டுப் பூச்சு தெரிந்தது.

சிங்காரவேலு பதறினார். "நாளைக்கு அவ வர்றாம்மா."

"தெரியும். கையை வச்சுப் பாருங்க."

வைத்தார். சுவர் சில்லென்று இருந்தது.

"கார்த்திகை மழை இன்னும் உள்ளயேதான் இருக்கு" என்றாள்.

"அப்ப இதுமேல அடிக்கக் கூடாதா?"

"அடிக்கலாமே. அஞ்சு வருஷமா அடிக்கிறீங்க."

அவர் வாளியை மூடிவிட்டு இன்னொரு சுரண்டியைத் தேடிக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலையில் தமயந்தி வந்தாள். சொறிபிடித்துக் கிடந்த சுவரைப் பார்த்தாள்.

"பொங்கலும் அதுவுமா ஏம்ப்பா இப்படிக் கிடக்கு?"

"உள்ள ஈரம்மா. மேல மூடினா நிக்காது."

சொன்னவர் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மகளிடம் திரும்பினார்.

"உங்கம்மா காரியம் முடிஞ்ச மறுநாள், உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம இங்க வந்துட்டேன். அது தப்பு தமயந்தி."

அவள் கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்குக் காலையில உங்களுக்குக் காப்பி எடுத்துட்டு வந்தேன். கட்டில் காலியா கிடந்துச்சு. அம்மாவும் போயாச்சு, நீங்களும் போயாச்சு. அந்த டம்ளரை வச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் நின்னேன் தெரியுமாப்பா?"

அழுதுகொண்டே சமையல்கட்டுக்குள் போய்விட்டாள்.

வாசலில் பொங்கல் பானைக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்த நாச்சியாரம்மாவிடம் சிங்காரவேலு வந்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"நல்ல நாள்ல பிள்ளைய அழ வச்சுட்டேம்மா. எப்பவும் நாலு மாசமாவது நல்லா இருப்போம். இந்தத் தடவை அதுவும் இல்ல."

"பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டாளா?"

"இல்லம்மா. உள்ளதான் உட்கார்ந்திருக்கா."

"அப்ப நீங்களும் போய்ப் பக்கத்துல பேசாம உட்காருங்கண்ணே. தை பொறந்துடுச்சு. இனிமே வெயில்தானே."