மடியில் கட்டிய மாத்திரை

"சாமி, எங்க வூட்டுக்காரரு மாத்திரைக்கு அடிமையாயிட்டாரு. எப்படியாச்சும் அதுலேர்ந்து மீட்டுக் குடுங்க."

வந்ததும் வராததுமாக நவநீதம் இதைத்தான் சொன்னாள். உட்காரக்கூட இல்லை.

தொட்டிச்சாமி கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். மலையடிவாரத்தில் ஆடுமாடு குடிக்க ஒரு கல்தொட்டி. அதை வற்றவிடாமல் நிரப்புவதுதான் அவர் செய்கிற ஒரே பூசை. அதனால் அந்தப் பெயர். நவநீதத்தைவிட வயதில் சின்னவர். தாடிகூட ஒழுங்காக வளரவில்லை. இருந்தாலும் சுத்துப்பட்டு ஊர்ச் சனம் மனசு தாங்காமல் போனால் அவரிடம்தான் வரும்.

குடத்தைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டுக் கேட்டார்.

"இன்னா மாத்திரை?"

"வலி மாத்திரை சாமி. மிலிட்டரியில பழக்கிவிட்டது."

அவள் வீட்டுக்காரர் தணிகாசலம், ஹவில்தாராக இருந்தவர். பனிமலையில் வண்டி உருண்டு முதுகெலும்பு நொறுங்கியது. உள்ளே இரும்பு வைத்துத் தைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். உசுரோடு வந்ததே பெரிசு என்று ஊர் கூடி மாலை போட்டது.

மாலை மறுநாளே வாடிப்போச்சு. வலி அப்படியே இருந்தது.

எழுதிக் கொடுத்த மாத்திரை முதலில் நன்றாகத்தான் கேட்டது. அப்புறம் ஒன்றுக்கு வலி மசியவில்லை, இரண்டாச்சு. அப்புறம் அதுவும் பத்தவில்லை. வேளை வருவதற்கு முன்னாலேயே உடம்பு நடுங்கும். மூக்கு ஒழுகும். வயிற்றைப் பிடுங்கும். போட்டுக்கொண்டால் சுவரைப் பார்த்தபடி கிடப்பார். கூப்பிட்டால் திரும்பக்கூட மாட்டார்.

டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பார்த்தாள். ஒரேயடியாக நிறுத்தினால் ஆபத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கணும், அதுவரைக்கும் மாத்திரை இவர் கையில் இருக்கக் கூடாது, நீதான் அளந்து கொடுக்கணும் என்று நவநீதத்திடம் விவரமாகச் சொல்லி அனுப்பினாள்.

அன்றைக்கு மாத்திரை அட்டையை மடியில் கட்டியவள்தான். தூங்கும்போதுகூட அவிழ்ப்பதில்லை.

"குறைஞ்சுதா?" என்று கேட்டார் சாமி.

"குறைஞ்சுது. வெயில் காலத்துல பாதிக்கு வந்துட்டாரு. மழை புடிச்சதும் மறுபடி ஏறிடுச்சு."

"ஏன்?"

"வலி ஏறிடுச்சு சாமி. ஈரத்துக்கு."

சாமி கயிற்றைக் கிணற்றில் விட்டார்.

"மாத்திரை வேணும்னா எப்படிக் கேப்பாரு?"

அதற்கு மட்டும் நவநீதத்துக்குப் பதில் அருவியாகக் கொட்டியது. அடுப்படி வாசலில் வந்து நிற்பாராம். நிலையைப் பிடித்துக்கொள்வாராம். பெயர் சொல்லிக் கூப்பிடுவாராம். கல்யாணம் ஆன நாளாய் அவருக்கு அவள் "ஏய்"தான். லீவில் வந்தால் "ஏய், தண்ணி." கிளம்பும்போது "ஏய், பெட்டியை எடு." போனில் பேசினாலும் ஆர்டர்தான், சொல்லி முடித்ததும் வைத்துவிடுவார். தன் பெயர் இவருக்குத் தெரியுமா என்று அவளுக்கே சந்தேகம் வந்ததுண்டு. அப்படிப்பட்ட மனுசன் இப்போது வந்து நிற்கிறார்.

"'நவநீதம்... என் கண்ணு இல்ல... ஒண்ணே ஒண்ணு. இதான் கடைசி. உன்னை வுட்டா எனக்கு யாரு இருக்காங்க'ன்னு கேப்பாரு சாமி."

சொல்லும்போது அவள் குரல் குழைந்தது. முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். அப்புறம்தான் தான் எதற்கு வந்தோம் என்று நினைவு வந்தவள் போல முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாள்.

"நாளைக்கு அவரைக் கூட்டிக்கினு வா" என்றார் சாமி.

*

தணிகாசலத்துக்கு இதில் இஷ்டமே இல்லை. ஷேர் ஆட்டோவில் வழி முழுக்க முனகிக்கொண்டு வந்தார். கடைசித் துண்டு தூரம் தடியை ஊன்றி நடந்தார். சாமியைப் பார்த்ததும் ஏற இறங்க அளந்தார்.

"நீ டாக்டரா?"

"இல்ல."

"மந்திரம் போடுவியா?"

"தெரியாது."

"அப்புறம் இன்னாதான்யா தெரியும்?"

"சும்மா உக்காரத் தெரியும்."

"எனக்கு அது ஒண்ணுதான் முடியாது" என்றார் தணிகாசலம். முதுகில் இரும்பு வைத்த ஆள். உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் உட்கார முடியாது.

சாமி உட்கார்ந்திருந்த கல்லைவிட்டு எழுந்தார். அவருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

அப்புறம் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். ஒரு ஆட்டு மந்தை வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனது.

தணிகாசலம்தான் முதலில் பேசினார். குரலில் இருந்த நக்கல் போயிருந்தது. சண்டை போட்டவன், குண்டுச் சத்தத்துக்கு நடுவில் தூங்கினவன், ஒரு மாத்திரைக்காகப் பொம்பளை காலடியில் நிற்கிறேன், இதைவிட அந்த வண்டியோடு போயிருக்கலாம் என்றார். அப்புறம் கேட்டார்.

"கேக்கறது முதுகா, மாத்திரையான்னு எனக்கே தெரியல சாமி. எது கேக்குது?"

"எனக்கும் தெரியல" என்றார் சாமி. "நின்னு பாக்கலாம்."

நவநீதத்தின் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார்.

"குடு."

"எதை சாமி?"

"மடியில இருக்கறதை. டாக்டரம்மா இப்ப எவ்ளோ குடுக்கச் சொல்லிக்கீறாங்களோ அவ்ளோ, எந்த வேளைக்கோ அந்த வேளைக்கு. பொழுது சாயற வரைக்கும் நான் குடுக்கறேன்."

அவள் கை மடிக்குப் போனது. போன கை அங்கேயே நின்றுவிட்டது. இவர் வேளை தவறினால் தாங்க மாட்டார், எப்போது கொடுக்கணும், எப்படிக் கொடுக்கணும் என்று எனக்குத்தான் தெரியும், நீங்கள் ஆம்பளை, உங்களுக்குப் பக்குவம் போதாது என்று என்னென்னவோ சொன்னாள்.

சாமி நீட்டிய கையை மடக்கவில்லை.

நவநீதம் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. பார்த்தால் அந்த மழைநாளைச் சொல்ல வேண்டியிருக்கும்.

அன்றைக்கு மாத்திரை பாதிக்கு வந்திருந்தது. தணிகாசலம் தடி இல்லாமல் டீக்கடை வரைக்கும் நடந்துபோய்விட்டு வந்தார். பழைய கூட்டாளிகளோடு சிரித்துப் பேசியதாக ஊரே சொன்னது. அவளுக்கும் சந்தோஷம்தான். சோறு போட்டாள். ஒரு வாய் வைத்தார்.

"ஏய். கொழம்பு ஏன் ஆறிக் கெடக்குது?"

தட்டு சுவரில் போய் மோதியது. சோறு அவள் தலையில் சிதறியது. பழைய ஆள் திரும்பி வந்துவிட்டான்.

சோற்றைப் பொறுக்கினாள். குழம்பைச் சுட வைத்தாள். அன்றைக்கு அவர் அடுப்படி வாசலுக்கு வரவேயில்லை. ஒன்றும் கேட்கவும் இல்லை. அவளாகத்தான் மடியை அவிழ்த்தாள். பழைய அளவுக்கு முழுசாக எடுத்து, டம்ளரில் தண்ணீரோடு கொண்டுபோய் நீட்டினாள்.

அவர் மாத்திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். வாங்கிப் போட்டுக்கொண்டார்.

இரண்டு நாளில் அடுப்படி வாசலில் அந்தக் குரல் கேட்டது. "நவநீதம்..."

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தன்னிடமே ஈரத்துக்கு வலி ஏறிடுச்சு என்றுதான் சொல்லிவைத்திருந்தாள்.

"குடும்மா" என்றார் சாமி.

கொடுத்தாள். அவள் கையிலிருந்து சாமி கைக்குப் போன அட்டையோடு தணிகாசலத்தின் கண்ணும் போனது.

"நீ அந்தப் பாறைக்குப் பின்னால போய் இரு. இவரு கண்ணுல படாத."

*

பாறைக்குப் பின்னால் வெயில் இல்லை. நவநீதம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

உச்சிவேளையில் சாமி ஒரு மாத்திரை கொடுப்பது கேட்டது. பழைய அளவு முழுசாக இல்லை, டாக்டரம்மா சொன்ன அளவுதான்.

அப்புறம் தடியைத் தரையில் தட்டும் சத்தம். காறித் துப்பும் சத்தம். ஆட்டோவைக் கூப்பிடு என்று ஒரு அதட்டல். சாமி எங்கேயும் போகவில்லை. தண்ணீர் கொடுத்தார், முதுகில் வெந்நீர்த் துணி போட்டார், கூடவே நின்றார்.

இப்போது கூப்பிடுவார் என்று நினைத்தாள் நவநீதம். நடுக்கம் எடுத்தால் என் பெயர்தான் வரும். அந்த நேரத்துக்கு இந்த உலகத்தில் அவருக்கு வேறு ஆள் இல்லை. கூப்பிட்ட உடனே ஓடிப்போய், சாமி கையில் இருப்பதைப் பிடுங்கியாவது கொடுத்துவிடணும். சாமி கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். பெற்ற தாய்க்கே தெரியாத பக்குவம் அவளுக்குத் தெரியும்.

எழுந்து நின்று சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

குரல் வந்தது.

"சாமி..."

குழைந்து, நடுங்கி, பாதியில் உடைந்து வந்தது.

"சாமி... என் கண்ணு இல்ல... ஒண்ணே ஒண்ணு. இதான் கடைசி. உன்னை வுட்டா எனக்கு யாரு இருக்காங்க?"

நவநீதம் பாறையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் குரல் எங்கே தழையும் என்று அவளுக்குத் தெரியும். அங்கே தழைந்தது. 'கண்ணு' என்னும்போது எப்படி இழுபடும் என்று தெரியும். அப்படியே இழுபட்டது. அடுப்பில் சோறு பொங்க விட்டுவிட்டு அவள் நின்று நின்று கேட்ட குரல். ஒரு இழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"வேளை வரல" என்றார் சாமி. "வலிக்குதா?"

"வலிக்குது சாமி."

"பொய் இல்லன்னு தெரியும். என் தோளைப் புடிச்சுக்க."

அழுகைச் சத்தம் கேட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது அவள் கேட்டதில்லை. அழுகைக்கு நடுவே மறுபடி மறுபடி அதே கெஞ்சல். சாமி, கண்ணு, ராசா. அம்மாவைக்கூட ஒருதரம் கூப்பிட்டார்.

அவள் பெயர் வரவேயில்லை.

*

பொழுது சாய்கிற வேளைக்கு அடுத்த மாத்திரையைக் கொடுத்துவிட்டுச் சாமி பாறைக்குப் பின்னால் வந்தார். தணிகாசலம் தொட்டியில் சாய்ந்து நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நவநீதம் அழுதிருப்பாள் என்று நினைத்துச் சாமி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்திருந்தார். அவள் அழுதிருக்கவில்லை. தண்ணீரும் வாங்கிக்கொள்ளவில்லை.

"இனிமே யாரு கையில இருக்கட்டும்?" என்று கேட்டார்.

"உங்க கையிலயே இருக்கட்டும் சாமி. தெனம் அனுப்பி வைக்கிறேன். டாக்டரம்மா சொன்னபடி கொறைச்சுக்கினே வாங்க."

"கொறைஞ்சா பழைய ஆளு வந்துடுவானே?"

பழைய ஆள் திரும்பி வந்த அந்த மழைநாளைப் பற்றி அவள் ஒரு வார்த்தைகூட அவரிடம் சொன்னதில்லை. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவும் இல்லை.

"வரட்டும்" என்றாள் நவநீதம். "அந்த ஆளாச்சும் என் மூஞ்சியைப் பாத்துக் கத்துவான்."