பிகோனியாவும் முப்பது செம்புத் தண்ணீரும்

கரடிமலையைக் கனகவேள் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். காதுதான் கொஞ்சம் மெலிசு. கடைசியாக யார் பேசினாரோ அவர் பேச்சுத்தான் சட்டம்.

கப்பல்காரன் ஒருவன் அவருக்கு ஒரு பிகோனியாச் செடியைக் காணிக்கையாகக் கொடுத்தான். அகல இலை, பவழ நிறப் பூ. ராஜா அதைக் கொலுமண்டப வாசலில் வைத்தார். மந்திரி அம்பலத்தாடிக்கு இது போதாதா? மறுநாளே ஒரு செம்புத் தண்ணீரை இலையெல்லாம் நனைய ஊற்றி, "ராஜாவின் செடி ராஜாவுக்குச் சமம்!" என்று கும்பிட்டார். அவரைப் பார்த்து மற்ற அதிகாரிகளும் சேர்ந்துகொள்ள, தினமும் ஆளுக்கொரு செம்பாக முப்பது செம்பு ஊற்றினார்கள். இப்படிப்பட்ட ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. செம்புதான் வேறு.

பதினைந்தே நாளில் வேர் அழுகியது. இலையில் சாம்பல் பூசணம். காம்பு இடுக்கில் பஞ்சு பஞ்சாய் மாவுப்பூச்சி.

"தோட்டக்காரன் கைராசி அப்படி, மகாராஜா!" என்றார் மந்திரி.

உடனே ராஜா தோட்டக்காரனைப் பார்த்துச் சீறினார். "சடையாண்டி! ஒரு மாதத்தில் செடி தேறாவிட்டால் நீ குடும்பத்தோடு மலையிறங்கு!"

தண்ணீர்தான் எமன் என்று சடையாண்டிக்குத் தெரியும். மந்திரியின் செம்பை யார் தடுப்பது? விகடகவி கூத்தப்பனிடம் ஓடினான்.

"ஊத்தாதீங்கன்னு சொன்னா ராஜத் துரோகின்னுடுவாங்க, சாமி!"

"ஊத்தாதேன்னு ஏம்ப்பா சொல்லணும்? ஊத்தச் சொல்லுவோம்."

மறுநாள் சபையில் கூத்தப்பன் எழுந்தார். "அரசே, இது தெய்வீகச் செடி. தங்களிடம் உண்மையான பக்தி உள்ளவர் ஊற்றினால் துளிர்க்கும். பொய்ப் பக்தர் ஊற்றினால் அன்றே இலை உதிரும். நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். மந்திரியார் முதலில் வரட்டும்!"

மந்திரி செம்பைப் பார்த்தார். விழட்டுமா என்று தொங்கிய இலைகளைப் பார்த்தார். "இன்றைக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது..." என்று முனகினார். அடுத்தவருக்குத் திடீரென்று விரதம் நினைவுக்கு வந்தது. முப்பது செம்பும் வீட்டுக்குப் போயின.

சடையாண்டி நிம்மதியாக வேலையில் இறங்கினான். அழுகிய வேரையும் இலையையும் வெட்டி எரித்தான். மணல் கலந்த புது மண்ணில் செடியை நட்டான். வேப்பெண்ணெய் தொட்ட துணியால் பூச்சியைத் துடைத்தான். தொட்டியைக் காற்றோட்டமான இடத்துக்கு நகர்த்தினான். மேல்மண் காய்ந்த பிறகே, இலை நனையாமல், கொஞ்சம் தண்ணீர் விட்டான்.

மாதம் முடியுமுன் மொட்டு வந்தது. ராஜா பூரித்துப்போய்ச் சடையாண்டிக்குத் தங்கக் காப்புப் போட்டார்.

"கூத்தப்பா, நிஜத்தைச் சொல். செடி எப்படிப் பிழைத்தது?"

கூத்தப்பன் மந்திரியை ஒருமுறை பார்த்துவிட்டுக் கைகட்டிச் சொன்னார்: "ஒரு மாதமாகத் தங்கள்மேல் யாரும் பக்தி காட்டவில்லை, அரசே. அதான் பிழைத்தது!"