பருந்துக்குப் பிடிபடாத பன்னிரண்டு கோழி

நெடுங்குறிச்சி ஆட்களைப் பற்றி ஊருலகம் என்னென்னவோ பேசும். அதில் பாதி பொய். மீதிப் பாதி இதுதான்.

அந்த ஊர் ஒச்சப்பன் கோழிக்கூண்டை விட்டு நகராமல் காவல் இருந்தான். அவன் மனைவி பேச்சி, தங்கச்சி பிரசவத்துக்காகத் தாய்வீடு போயிருந்தாள். போகும்போது பன்னிரண்டு கோழியையும் அவன் கையில் ஒப்படைத்து, திரும்பி வரும்போது ஒன்று குறைந்தாலும் வாசற்படி மிதிக்காமல் அடுத்த பஸ் ஏறிவிடுவேன் என்று சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள். அவள் இல்லாமல் ஒரு வாய் சோறுகூட அவனுக்கு இறங்காது. இந்த நேரம் பார்த்து ஒரு பருந்து வந்து எதிர்வீட்டு வெள்ளைக் குஞ்சு இரண்டைத் தூக்கிவிட்டது.

தடுப்பூசி போட வந்த கால்நடை டாக்டரம்மாவிடம் ஒச்சப்பன் அழாத குறையாகக் கேட்டான். அந்தம்மா பொறுமையாகத்தான் சொன்னார். பளிச்சென்று தெரிகிற கோழியைப் பருந்து அடிக்கும். மண்ணோடு மண்ணாகத் தெரியாமல் இருப்பது தப்பிக்கும். தப்பித்தது முட்டையிடும், குஞ்சு தாயைக் கொண்டு அதே நிறத்தில் பிறக்கும். கோழி எதுவும் தானாக நிறம் மாறுவதில்லை. தெரிவது போய்த் தெரியாதது தங்கித் தங்கி இனமே மாறிவிடும். பருந்து செய்கிற வேலையை நீங்களே செய்யலாம், சட்டென்று கண்ணில் படுவதைக் குழம்பு வையுங்கள், படாததை அடைகாக்க விடுங்கள், ஆனால் பல தலைமுறை ஆகும் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பிப் போய்விட்டார்.

சாயங்காலம் ஊர் கூடியது. பல தலைமுறைக்கு எங்கே போவது என்று எல்லோரும் கவலைப்பட்டார்கள். ஊர்த்தலைவர் சங்கிலி தொண்டையைச் செருமினார்.

"எங்கப்பா இந்தா உக்காந்திருக்காரு. நான் இருக்கேன். என் மகன் அங்க பல்லுக் குத்திக்கிட்டு இருக்கான். மூணு தலைமுறையும் ஒரே மரத்தடியில இருக்கும்போது எதுக்கு நாளக் கடத்தணும்? நாளைக்கே ஆரம்பிச்சிரலாம்."

அடுத்து, பருந்து யார் என்ற கேள்வி வந்தது. ஒச்சப்பனின் தாய்மாமன் சுருளி புளியமரம் ஏறத் தெரிந்தவர். மேலிருந்து பார்த்து ஒச்சப்பன் முற்றத்தில் அவர் கண்ணில் படும் கோழியைக் குழம்பு வைப்பது, பருந்து உத்தியோகம் பார்ப்பதால் தொடை அவருக்கு என்று முடிவானது.

முதல் நாள் மூன்று வெள்ளைக்கோழி மாட்டியது. நியாயம்தான். ஆனால் தொடை உள்ளே போகப் போக சுருளியின் பார்வை தீட்சண்யமாகிக்கொண்டே போனது. கூடையைக் கவிழ்த்து மூடி வைத்த கோழியைக்கூட மரத்திலிருந்தே கண்டுபிடித்தார்.

"மாமா, இது மண் நிறந்தானே?" என்று ஒச்சப்பன் கீழேயிருந்து கெஞ்சினான்.

"என் கண்ணுக்குத் தெரியுதே மாப்ளே," என்றார் சுருளி. ஒச்சப்பன் அழுதுகொண்டே சாப்பிட்டான். குழம்பு மட்டும் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டான்.

ஒரே வாரத்தில் பதினொன்று முடிந்தது. மிச்சமிருந்த புள்ளிக்கோழி எங்கோ பதுங்கியிருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை, அதனால் யாருக்கும் அதன் நினைப்பும் வரவில்லை. எட்டாம் நாள் சுருளி காலையிலிருந்து மாலைவரை கொம்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பசியோடு இறங்கி வந்து, ஒன்றுகூடத் தெரியவில்லை என்றார். ஊரே கையெடுத்துக் கும்பிட்டது. இனம் மாறிவிட்டது! நிஜப் பருந்தும் இரண்டு நாள் சுற்றிப் பார்த்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஒச்சப்பன் தினமும் கம்பு இறைத்தான். அணில் தின்று காலியானதைப் பார்த்து, கோழி நன்றாக மேய்கிறது என்று பூரித்தான். முட்டையும் தாயைக் கொண்டுதான் இருக்கும் என்பதால் மிதித்துவிடாமல் முற்றத்தில் நுனிக்காலில் நடந்தான்.

ஒரு மாதம் கழித்துப் பேச்சி வந்தாள். அவள் பக்கத்து ஊர்க்காரி. நெடுங்குறிச்சியைத் தவிர வேறெங்கும் பெண் கொடுக்காத ஊர் அது. பையைத் தோளில் மாட்டியபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு முற்றத்துக் கூண்டுக்குள் தலையை விட்டு வெகுநேரம் பார்த்தாள். ஒச்சப்பன் அவள் பின்னாலேயே போய் நின்றான்.

"பதினொண்ணுதான்யா இருக்கு," என்றாள்.

அவன் பையின் காதைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு தடவை எண்ணிப் பார்க்கச் சொன்னான். விரல் நீட்டி நீட்டி எண்ணினாள். பதினொன்றுதான். புள்ளிக்கோழியைக் காணோம்.

அந்த நேரம் வைக்கோற்போருக்குப் பின்னாலிருந்து புள்ளிக்கோழி கொக்கரித்துக்கொண்டு வந்தது. பின்னால் மண் நிறத்தில் ஏழு குஞ்சு. ஒச்சப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இந்தா உன் பன்னிரண்டாவது என்று கத்தினான்.

பேச்சி அதை ஏற இறங்கப் பார்த்தாள். "இது எப்படிய்யா நம்ம கோழியாகும்? கண்ணுக்குத் தெரியுதே. உள்ள விட்டா நம்ம இனத்தையே கெடுத்துப்புடும். வெரட்டு."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒச்சப்பன் கோழியையும் குஞ்சுகளையும் தெருவுக்கு விரட்டினான். அங்கே நின்ற சுருளி, பாவம் அநாதைக்கோழி என்று வீட்டுக்குத் தூக்கிப்போனார்.

பேச்சி சொன்னபடி வாசற்படி மிதிக்காமல் வெளியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பன்னிரண்டாவதைத் தேடி ஊரே இறங்கியது. வைக்கோலைப் பிரித்தார்கள், கிணற்றை இறைத்தார்கள், சங்கிலியின் அப்பாவை எழுப்பிக் கட்டிலுக்கு அடியில் பார்த்தார்கள். கடைசி பஸ் வருகிற நேரத்துக்குச் சங்கிலி வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"இத்தனை பேர் தேடியும் அம்பிடலம்மா. அப்படின்னா பன்னெண்டுலயும் அதுதான் உசத்தி."

பஸ் வந்து ஹாரன் அடித்தது. பேச்சி யோசித்தாள். அப்பேர்ப்பட்ட கோழியை விட்டுவிட்டு யாராவது போவார்களா? பையை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, சுளகில் கம்பை அள்ளிக்கொண்டு நுனிக்காலில் முற்றத்துக்கு வந்தாள்.